சம்பந்தி எழுதிய விமர்சனம்

சின்னம்மாள் டாக்கீஸ்,
கடத்தூர்.
30-1-1984

சம்பந்தி மாதேஸ்வரன் அவர்களுக்கு,

இது நலம் விசாரித்து ஆரம்பிக்கிற கடிதம் இல்லை.

நேற்றுக் காலை முடிதிருத்தும் கடையில் முகம் மழிக்க உட்கார்ந்திருந்தேன். பாதி முகம் சோப்பு. பக்கத்து நாற்காலிக்காரன் சேலத்திலிருந்து வருகிற ‘திரைத்தராசு’ இதழை விரித்து வைத்துக்கொண்டு கடை முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தான்: “எரிமலையில் உதயன். ஆறு படங்களில் எந்த எதிரியாலும் கொல்ல முடியாத நம் ஒற்றனை ஏழாவது படத்தில் படம் எடுத்தவர்களே கொன்றுவிட்டார்கள்.” கடையில் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். யாரோ மெட்ராஸ்காரன் எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். கடைசியில் பெயரைப் படித்தான். அ. மாதேஸ்வரன், ஓய்வு பெற்ற கோர்ட் சிரஸ்தார், அரூர். அது போதாதென்று அதற்கும் கீழே, ‘படம் பார்த்த இடம்: கடத்தூர் சின்னம்மாள் டாக்கீஸ்.’

“ஏனுங்க மொதலாளி, இவரு உங்க சம்பந்தி தானுங்களே?” என்று கேட்டான் கத்தி பிடித்திருந்தவன். கத்தி என் தொண்டையில் இருந்தது. என்ன பதில் சொல்ல?

பொங்கல் சீர் கொண்டுவந்த அன்று உங்களைக் கொட்டகையில் எங்கே உட்கார வைத்தேன்? என் சோபாவில். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். இடைவேளையில் சூடாக பஜ்ஜி வந்தது. நான்கு தின்றீர்கள், நான் பார்த்தேன். படம் முடிந்ததும் “எப்படிங்க?” என்று கேட்டதற்கு, “ம்... பெரிய முயற்சி” என்றீர்கள். தின்கிற வரைக்கும் பெரிய முயற்சி, அரூர் போனதும் கொலையா?

உதயன் படம் புதுப் படப்பெட்டியாகக் கடத்தூருக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அதற்கு நான் எத்தனை பேர் காலில் விழுந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. இன்று மதியம் கவுண்டர் ஜன்னலில் ஒருவன் என் முகத்துக்கு நேராகச் சொல்கிறான், “சம்பந்தியே பாக்க வேணாம்னு எழுதிட்டாரு, எங்களுக்கு மட்டும் என்ன வேண்டுதலா?”

முடிவாகச் சொல்கிறேன். “நான் எழுதியது தப்பு, படம் நல்ல படம்” என்று அதே பத்திரிகையில் நீங்கள் எழுத வேண்டும். அது அச்சில் வரும்வரை, தை கடைசி வெள்ளிக்கு வைத்த வளைகாப்பு கிடையாது. உங்கள் மகள் தீர்த்தம்மாளைத் தலைப்பிரசவத்துக்கு அரூருக்கு அனுப்புவதும் கிடையாது. பிரசவம் இங்கேயே நடக்கும். அவள் மாமியார் குள்ளம்மாள் பார்த்துக்கொள்வாள்.

கருப்பண்ணன்


அரூர்,
2-2-1984

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். தங்களுக்கு நேர்ந்த அவமானத்துக்கு என்னை மன்னிக்க வேண்டும். கொட்டகையின் பெயரை எழுதியிருக்கக் கூடாது. எதை எழுதினாலும் இடத்தையும் தேதியையும் குறிப்பது கோர்ட்டில் எனக்குப் படிந்த பழக்கம். தங்களுக்கு அது என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

பஜ்ஜியைப் பற்றியும் தாங்கள் சொன்னது சரி. நேரில் கேட்டபோது உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. எழுதும்போது மட்டுமே எனக்குக் கொஞ்சம் துணிவு வருகிறது.

ஆனால் படத்தைப் பற்றி நான் எழுதியதில் காழ்ப்பு எதுவும் இல்லை. முதல் உதயன் படத்தைச் சேலத்தில் பார்த்தபோது எனக்குக் கல்யாணம் ஆகிச் சில வருடங்கள்தான். அன்றிலிருந்து ஒன்றையும் விட்டதில்லை. அந்த உதயனுக்குப் பயம் உண்டு. துறைமுகத்தில் கப்பலுக்குள் நுழையும்முன் கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்வான். அதைப் பார்ப்பதற்கென்றே நான் போவேன். இந்தப் படத்தில் அவனுக்கு எதற்கும் பயமில்லை. பயமே இல்லாதவன் பதுங்கிப் போக வேண்டிய தேவை என்ன? நேராகவே போகலாமே.

அது என் சொந்த அபிப்பிராயம், விட்டுவிடலாம். மற்ற குறைகள் கண்ணுக்குத் தெரிபவை. துரோகியான கர்னல் எரிமலைக்குள் விழுந்து சாம்பலாகிறார். அடுத்த காட்சியில் ஓட்டலில் காப்பி குடிக்கிறார். உதயனின் இடக்கையில் பெரிய கட்டுப் போட்டிருக்கிறது. உடனே கட்டு இல்லாமல் மூன்று பெண்களோடு ஆடுகிறான். அதற்குப் பிறகுதான் அந்தக் கையில் குண்டு பாய்கிறது. கதாநாயகியின் தாயாருக்கு மாலை போட்ட படத்தைக் காட்டிவிட்டு, அந்த அம்மாளே வந்து ஆசீர்வாதம் செய்கிறார். நான் நடுவில் கண்ணயர்ந்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. பக்கத்தில் இருந்த என் மனைவி ராமக்காளைக் கேட்டேன். “நான் தூங்கினேன், எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

ஒரு சினிமாவைப் பற்றிய பேச்சுக்கும் வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் என்ன சம்பந்தம்? என்மேல் உள்ள கோபத்தை என்மேலேயே காட்டுங்கள். அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. எட்டாம் மாதம் பிறந்துவிட்டால் வளைகாப்பும் செய்ய மாட்டோம், பெண்ணைப் பயணம் அழைத்து வரவும் மாட்டோம். தாங்கள் அறியாததல்ல. தயவுசெய்து வெள்ளிக்கிழமையை மாற்ற வேண்டாம்.

தங்கள்,
மாதேஸ்வரன்


கடத்தூர்,
5-2-1984

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை ஆபரேட்டர் அறைக்கு எடுத்துப் போய் ஆபரேட்டருக்குப் படித்துக் காட்டினேன். கர்னல் சாம்பலாகி அப்புறம் காப்பி குடிக்கிறார் என்ற இடம் வந்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! “மொதலாளி, திட்டாதீங்க. அன்னிக்கி ரீலு மாறிப்போச்சுங்க” என்றான்.

விஷயம் இதுதான். உங்களுக்குச் சினிமாத் தொழில் தெரியாது, சொல்கிறேன். ஒரே பெட்டியை இங்கேயும் பொம்மிடிக் கொட்டகையிலும் ஓட்டுகிறோம். அவன் முதலில் ஆரம்பிப்பான், ஓடி முடிந்த ரீலைக் கொட்டகைப் பையன் மாது டி.வி.எஸ். 50-ல் கொண்டுவருவான். அன்று பொம்மிடி ரயில்வே கேட் மூடிவிட்டார்கள். இடைவேளை முடிந்து மணி அடித்தாயிற்று, ஜனம் விசில் அடிக்கிறது, கையில் இருந்தது, முந்தின ஆட்டத்தில் ஓட்டி இன்னும் பொம்மிடிக்குத் திருப்பாத, கடைசிக்கு முந்தின ரீல். அதை மாட்டிவிட்டான். மாது வந்தபிறகு விட்டதை ஓட்டினான். கர்னல் முதலில் செத்து, பிறகு காப்பி குடித்தது அதனால்தான்!

ஆக, நீங்கள் பார்த்தது ‘எரிமலையில் உதயன்’ இல்லை. அது எங்கள் ஆபரேட்டர் எடுத்த படம்.

இத்தனை வருடம் கோர்ட்டில் இருந்தவர்தானே? பக்கம் மாற்றித் தைத்த பத்திரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதினால் ஜட்ஜ் உங்களை என்ன செய்திருப்பார்? கொட்டகை நிறைய ஆட்கள் இருந்தார்கள், கை தட்டினார்கள், எவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்களுக்கு மட்டும்தான் கண் இருக்கிறதோ? கண் இருந்தால் வந்து கேட்க வாய் இல்லையா? பேனா மட்டும் எட்டு ஊருக்கு நீளமாக இருக்கிறது.

இப்போது எழுதுங்கள், பார்ப்போம். தப்பாகப் பார்த்தேன், தப்பாக எழுதினேன் என்று. வெள்ளிக்கிழமை பேச்சே எடுக்க வேண்டாம். வளையல்காரனுக்கும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கருப்பண்ணன்


அரூர்,
8-2-1984

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் வந்தது. தாங்கள் சொன்ன பத்திர உதாரணம் மிகச் சரி. குறைகள் என்று நான் எழுதியவற்றில் பெரும்பாலானவை படத்தின் குறைகள் அல்ல. யாரோ பலர் உழைத்து எடுத்த ஒரு படத்தின்மேல், அது செய்யாத குற்றத்தை அச்சில் சுமத்திவிட்டேன். இதைவிடக் கேவலம் எனக்கு வேறு இல்லை.

ராமக்காள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. “படம் நல்லா இருக்குதுன்னு ஒரு வரி எழுதுனா உங்க கை ஒடிஞ்சா போயிரும்? அவ அங்க ஒரு ஊறுகாய்க்குக்கூட மாமியாளக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கறா” என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம். ஆனால் படம் நல்ல படம் என்று எனக்கு எப்படித் தெரியும்? தப்பாகப் பார்த்தேன் என்பது மட்டுமே இப்போது தெரிகிறது. சரியாக இன்னும் பார்க்கவில்லை.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தருமபுரியில் படம் இன்னும் ஓடுவதாகப் பேப்பரில் பார்த்தேன். அங்கே போய் உரிய வரிசையில் பார்க்கிறேன். நான் எழுதியது முழுக்கத் தவறென்று தெரிந்தால், தாங்கள் கேட்பதைவிடப் பெரிதாக மறுப்பு எழுதுகிறேன். கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

தீர்த்தம்மாளின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? சென்ற வாரம் போட்ட கார்டுக்கு அவளிடமிருந்து பதில் இல்லை. கார்டு அவள் கைக்குப் போயிற்றா என்று மட்டும் தெரிவித்தால் போதும்.

தங்கள்,
மாதேஸ்வரன்


அரூர்,
13-2-1984

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். வளைகாப்புக்குக் குறித்த வெள்ளிக்கிழமை போய்விட்டது. எடுத்துவைத்த புடவையை ராமக்காள் மறுபடி பெட்டியில் வைத்துப் பூட்டினாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்தது என்று சொல்கிறேன்.

சனிக்கிழமை தருமபுரி போனேன். ஒரு தடவை பார்த்து முடிவு சொல்லப் பயமாக இருந்ததால், வெளியே வந்து டீ குடித்துவிட்டு அடுத்த காட்சியையும் பார்த்தேன். டிக்கெட் கிழிப்பவர், “பெரியவரே, எதையாவது உள்ள உட்டுட்டீங்களா?” என்று கேட்டார்.

உண்மையை எழுதுகிறேன். கர்னல் ஒரு தடவைதான் சாகிறார். குண்டு பாய்ந்த பிறகே கையில் கட்டு வருகிறது. அம்மாள் ஆசீர்வாதம் செய்த பிறகே இறக்கிறார். வரிசையைப் பற்றி நான் எழுதிய குறைகள் அத்தனையும் தவறு. ஆனால் சம்பந்தி, படம் நன்றாக இல்லை. சரியான வரிசையில் இன்னும் மோசமாக இருக்கிறது. இடைவேளை முடிந்த உடனேயே கர்னல்தான் துரோகி என்று காட்டிவிடுகிறார்கள். அதன்பிறகு உதயன் ஒருவனுக்குத்தான் அது தெரியாது. கொட்டகையில் இருக்கிற கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எரிமலை, துணியில் வரைந்த எரிமலை, காற்றடித்தால் மடிகிறது. தங்கள் கொட்டகையில் பார்த்தபோது, செத்தவர் எப்படிக் காப்பி குடிக்கிறார் என்ற திகைப்பாவது இருந்தது.

இருந்தாலும் என் பிழையைத் திருத்துவது என் கடமை. பத்திரிகைக்கு ஒரு திருத்தம் எழுதி நகல் இணைத்திருக்கிறேன். காரணம் சொல்லாமல் திருத்தம் எழுத முடியாது என்பதால், அன்று கடத்தூரில் ரீல் மாறி ஓடியதையும், ஒரே பெட்டி பொம்மிடிக்கும் கடத்தூருக்கும் போய்வருவதையும், ரயில்வே கேட் மூடியதையும் சுருக்கமாகக் குறித்திருக்கிறேன். வரிசைக் குறைகளுக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மற்றபடி படத்தைப் பற்றிய என் அபிப்பிராயம் மாறவில்லை என்று முடித்திருக்கிறேன். தாங்கள் பார்த்து, தகவல்களில் பிழை இருந்தால் சொல்லுங்கள். பதில் வந்ததும் அனுப்பிவிடுகிறேன்.

இதோடு தங்கள் மனம் ஆறும் என்று நம்புகிறேன். ஏழாம் மாதம் முடிய இன்னும் இரண்டு வாரமே இருக்கிறது.

தங்கள்,
மாதேஸ்வரன்


கடத்தூர்,
15-2-1984

சம்பந்திக்கு,

உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று ஊரே சொல்லும். நானும் நம்பினேன். பெண் கேட்டு வந்த அன்று தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்துவிட்டு நீங்கள் கதவோரம் ஒதுங்கி நின்றதைப் பார்த்து, ‘பாவம், சாது’ என்று குள்ளம்மாளிடம் சொன்னேன். சாது இல்லை நீங்கள். பேனாவை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைக் கொல்கிற ஜாதி.

ஒரே பெட்டியை ரெண்டு கொட்டகையில் ஓட்டுவது டிஸ்ட்ரிபியூட்டருக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைப் பிடுங்கிக்கொள்வான். அப்புறம் இந்த ஜில்லாவில் எவனும் எனக்குப் படம் தர மாட்டான். பொம்மிடிக்காரன் தனியாக வந்து என் கழுத்தைப் பிடிப்பான். இது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே, உங்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் நகல் அனுப்பியிருக்கிறீர்கள். கோபத்தில் ரெண்டு வார்த்தை உளறினேன். அதை எடுத்து வைத்துக்கொண்டு வாக்குமூலம் ஆக்கிவிட்டீர்கள். அடியில் “தகவல்களில் பிழை இருந்தால் சொல்லுங்கள்” என்று வேறு! என்ன மரியாதை, என்ன பணிவு!

நகலை அடுப்பில் போட்டுவிட்டேன். மூலம் உங்களிடம் இருக்கிறது என்பதும் தெரியும்.

கோர்ட்டில் கூண்டில் நிற்பவனை எப்படிக் கேட்பீர்கள்? ஆமாம் என்று சொல், இல்லை என்று சொல், கதை வேண்டாம் என்றுதானே? அதையே நான் கேட்கிறேன். நீங்கள் என்னை மிரட்டுகிறீர்களா? ஆமாமா, இல்லையா?

கருப்பண்ணன்


அரூர்,
18-2-1984

சம்பந்தி அவர்களுக்கு,

ஆமாம்.

நகலை அனுப்பியபோது அது மிரட்டல் இல்லை. சத்தியம் செய்து சொல்வேன். டிஸ்ட்ரிபியூட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் என் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. ‘இல்லை’ என்று முதலில் ஒரு பதில் எழுதினேன். தாங்கள் அப்படி நினைத்தது என் மனத்தைப் புண்படுத்துகிறது, திருத்தத்தை இன்றே கிழித்துப் போடுகிறேன் என்றெல்லாம் அதில் இருந்தது. ராமக்காளுக்குப் படித்துக் காட்டினேன்.

“கிழிச்சுப்புட்டா புள்ளைய அனுப்பிருவாரா?” என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.

“தெரியாம எதுக்குக் கிழிக்கறீங்க?” என்றாள்.

அந்தக் கடிதத்தைத்தான் கிழித்தேன்.

வரும் வெள்ளிக்கிழமை, 24-ந் தேதி, ராமக்காளும் நானும் காரில் வருகிறோம். வளைகாப்பு நடக்க வேண்டும். சாப்பாடு முடிந்ததும் தீர்த்தம்மாளை எங்களோடு அனுப்ப வேண்டும். அனுப்பினால் என் திருத்தம் பத்திரிகைக்குப் போகாது. அனுப்பாவிட்டால் சனிக்கிழமைத் தபாலில் போகும். இடம், தேதி எல்லாம் அதில் இருக்கிறது.

இதில் எனக்கும் நஷ்டம் உண்டு. தங்களுக்கு அது ஒன்றுமில்லாததாகத் தோன்றலாம். செய்யாத குற்றத்தை அந்தப் படத்தின்மேல் சுமத்தியவன் நான். அது பொய் என்று தெரிந்தும், இனி என் பெயரிலேயே அச்சில் நிற்கும். வேலையில் இருந்த காலமெல்லாம் தெரிந்து ஒரு பொய்த் தாளை வழக்குக் கட்டில் சேர்த்ததில்லை. இப்போது சேர்க்கிறேன். அவள் வீட்டுக்கு வந்தால் போதும்.

தாங்கள் என்னைப் பற்றி எழுதியவை சரியாக இருக்கலாம். மறுக்கத் தோன்றவில்லை. இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட நானே போனால் பாதி வழியில் திரும்பிவிடுவேன். அது ராமக்காளுக்கும் தெரியும். “இங்க குடுங்க, நீங்க போட மாட்டீங்க” என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

மாதேஸ்வரன்


கடத்தூர்,
21-2-1984

சம்பந்திக்கு,

வெள்ளிக்கிழமை வாருங்கள். ராகு காலம் கழிந்து பந்தலுக்குள் நுழையுங்கள். காரைக் கொட்டகை வாசலில் நிறுத்த வேண்டாம், ஜனம் பார்க்கும். பின்பக்கமாக வாருங்கள். வளையல்காரனை மறுபடி கூப்பிட்டாயிற்று. அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் கார்டு மருமகளிடம் போகவில்லை. என் மேஜையில் இருந்தது. நேற்று கொடுத்தேன். உங்கள் கடைசிக் கடிதத்தையும் குள்ளம்மாள் பிடுங்கி அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டாள். இந்த வீட்டில் என் பேச்சுக்கு இருக்கிற மதிப்பு அவ்வளவுதான். “எங்கப்பாவா? எங்கப்பாவா மெரட்டுனாரு?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அழுதாள். அப்புறம் எழுந்துபோய்த் துணி மடித்து வைத்தாள். கால் வீக்கம் குறைந்திருக்கிறது. கேட்டீர்கள், சொல்கிறேன்.

உதயனைப் போன வெள்ளியோடு தூக்கியாயிற்று. கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்களைவிட வாசலில் கடலை விற்கிறவர்கள் அதிகம். வந்தவர்களில் ஒருவன் ஆபரேட்டர் அறைக்கே ஏறிப்போய், “அண்ணே, அந்தக் கர்னல் செத்துட்டுத் திரும்பி வருவாரே, அப்படிப் போடுங்க, அதுதான் நல்லா இருந்துச்சு” என்று கேட்டானாம். படம் எப்படி என்று எனக்கும் தெரியும். முதல் நாள் முதல் ரீலிலேயே தெரியும். அது என் கொட்டகை, நான் சொல்லிக்கொள்ளலாம். உங்களுக்கு அந்த உரிமை கிடையாது.

வெள்ளிக்கிழமை உங்களோடு பந்தியில் உட்கார மாட்டேன். வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். நீங்களும் என்னைத் தேடி வர வேண்டாம். ஊருக்கு முன்னால் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்வேன், அவ்வளவுதான்.

இனி எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். உங்கள் கையெழுத்துள்ள உறையை நான் பிரிக்கப் போவதில்லை. குழந்தை பிறந்ததும் தந்தி கொடுங்கள். ஆணா பெண்ணா, தாயும் பிள்ளையும் சுகமா, அது போதும். உங்கள் அபிப்பிராயம் ஒன்றும் அதில் இருக்கக் கூடாது.

கருப்பண்ணன்